அந்தமான் சிற்றறைச் சிறை

வங்காள விரிகுடாவின் தென்கீழ்ப் பாகத்தே, அந்தமான் தீவுகளின் தலைநகரிற் கடலை நோக்கிய மேட்டு நிலமொன்றில், மும்மாடிகளைக் கொண்ட நீண்ட கட்டடங்கள் மூன்று ஒரு கோபுரத்தினின்றும் விரிந்து நிற்கின்றன. முன்னாளில் அவை ஏழாக இருந்தன. வண்டிச் சில்லின் குடத்திலிருந்து ஆரக்கால்கள் புறப்படுமாறு போல, நடுக்கோபுரத்தினின்றும் ஏழு கிளைகள் புறப்பட்டன. கிளைதோறும் வரிசை வரிசையாகச் சிற்றறைகள். ஓர் அறைக்கு ஒரு மனிதன். ஏனைய மறியற்சாலைகளிற் காணப்படுவது போலப் பலர் ஒருங்கே படுத்துறங்கும் கொட்டடி எதுவும் இங்கு அமைக்கப்படவில்லை. முழுவதும் தனியறைகளால் ஆயதாகலின் ஆங்கிலேயர் இதனைச் 'செல்லுலர் ஜெயில்' என வழங்கினர். வடநாட்டார் இதனையும் இத்தீவுகளையும் ஒருசேரக் 'காலாபானி', அதாவது கரிய நீர், என்றனர்.

இந்திய விடுதலை வரலாற்றைக் கற்றார் எவரும் இச்சிறையின் பெயரைக் கேட்டிருப்பர். ஆங்கே வாடிய வீரரின் கதைகளும் பலவாக எழுதப்பட்டுள்ளன. ஆயின், அக்கட்டடம் ஏன் அவ்வடிவிற் கட்டப்பட்டது, அவ்வடிவம் எங்கிருந்து வந்தது, கட்டினோர் கருதிய பயனை அது தந்ததா என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. சிறையின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு அவ்வினாக்களே வாயிலாவன.

குற்றவாளிகளைக் கடல் கடத்தி அனுப்புதல் ஆங்கிலேயரின் நெடுநாளைய வழக்கம். தம் நாட்டுக் கைதிகளை முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும், அவை கைநழுவிய பின்னர் 1788 முதல் அவுஸ்திரேலியாவுக்கும் அனுப்பினர். இந்தியாவிற் கிழக்கிந்தியக் கும்பனியார் பினாங்கு, சிங்கப்பூர் முதலிய இடங்களை இதற்குப் பயன்படுத்தினர். தமிழகமும் இதனை அறியும். சிவகங்கைச் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும், தென்பாளையக் கிளர்ச்சியிற் பிடிபட்ட பலரும் 1802இற் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். கடலைத் தாண்டினாற் சாதியாசாரம் அழியும் என்னும் நம்பிக்கை வடநாட்டு உயர்குலத்தாரிடம் வலுவாக இருந்தமையால், கடற்பயணமே அவர்களுக்குத் தண்டனையிற் பாதியாயிற்று. கடலைப் பெருந்தெருவாகக் கொண்டு வாணிகம் செய்த நம் கரையோர மக்களுக்கு இவ்வச்சத்தின் அளவு எளிதிற் புலப்படாது.

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி அடங்கியபோது, பிடிபட்டோரை எங்கே வைப்பது என்னும் சிக்கல் எழுந்தது. 1789இற் கும்பனியாரால் நிறுவப்பட்டு, நோயின் கொடுமையால் 1796இற் கைவிடப்பட்ட அந்தமான் குடியேற்றம் அப்பொழுது மீண்டும் நினைவுக்கு வந்தது. 1858ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் டொக்டர் ஜேம்ஸ் பற்றிசன் வோக்கர் என்பார் 200 கைதிகளுடன் அங்கு வந்திறங்கினார். அன்று அங்குச் சிறைக்கட்டடம் எதுவும் இல்லை. அடர்ந்த காடும் சூழ்ந்த கடலுமே சுவர்கள். காட்டை வெட்டும் வேலை கைதிகளுடையதாயிற்று. கரை கடந்தால் இந்தியாவை அடையலாம் என எண்ணித் தப்பியோடினோர் பலர். ஓடியவர்களிற் சிலர் தீவின் பழங்குடியினரின் அம்புக்கு இரையாயினர். மீளப் பிடிபட்டோருள் எண்பதுக்கும் மேற்பட்டோரை வோக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார்.

பின்னர் வைப்பர் தீவில் ஒரு சிறை எழுந்தது. சங்கிலியாற் பிணித்து வேலை வாங்கும் சிறை அது. 1872ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள், தீவுகளைப் பார்வையிட வந்த இராசப்பிரதிநிதி மேயோ பிரபுவை ஷேர் அலி என்னும் கைதி கத்தியாற் குத்திக் கொன்றான். அவன் அவ்வைப்பர் தீவிலேயே தூக்கிலிடப்பட்டான். பேரரசின் தலைமை அதிகாரி ஒருவர் கைதியொருவனாற் கொல்லப்பட்டமை ஆட்சியாளரை உலுக்கியது உண்மையே. எனினும் சிற்றறைச் சிறையின் தோற்றத்துக்கு அதனையே காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. காரணம் வேறு; அது கேட்பார்க்கு வியப்பூட்டுவது.

காலஞ்செல்ல அந்தமான் மீதான அச்சம் குறையலாயிற்று. குறித்த காலம் ஒழுங்காக நடந்துகொண்ட கைதிக்குச் சிறிது நிலமும், தானே உழைத்துண்ணும் உரிமையும், பெண்கைதி ஒருத்தியை மணஞ்செய்துகொள்ளும் வாய்ப்பும் அங்குக் கிடைத்தன. இந்தியச் சிறைகளின் நெருக்கத்தினும் தீவு வாழ்க்கை மேலானது எனக் கைதிகள் கருதத் தொடங்கினர். 1890இல் இந்நிலையை ஆராய்ந்த லையல், லெத்பிரிட்ஜ் என்னும் இரு அலுவலர், தண்டனை தண்டனையாக உறைத்தல் வேண்டுமாயின், தீவில் இறங்கியவுடன் ஒவ்வொரு கைதியும் குறித்த காலம் கடுந்தனிமையில் அடைக்கப்படல் வேண்டும் என விதந்துரைத்தனர். ஆகவே இச்சிறை அரசியற் கைதிகளுக்கென எழுப்பப்பட்டதன்று. அது சாதாரணக் கொலைஞனுக்கும் கொள்ளைக்காரனுக்குமென எழுப்பப்பட்ட முதற்படி. முதல் ஆறு திங்கள் அங்கே தனித்துக் கிடந்த பின்னரே அவர்கள் வெளிவேலைக்கு விடப்படல் வேண்டும் என்பது திட்டம்.

தனிமையைத் தண்டனையாக்கும் எண்ணம் பிறந்த இடம் அந்தமானும் அன்று, இலண்டனும் அன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குவேக்கர் என்னும் கிறித்தவ சமயப் பிரிவினர் செல்வாக்குப் பெற்றிருந்த சூழலில், அஃது அருள்நோக்குடன் பிறந்தது. கசையடியும் தூக்குமேடையும் மனிதனைத் திருத்தமாட்டா. அவனைத் தனியே இருத்தினால் தன் உள்ளத்தைத் தானே நோக்கிக் கழிவிரக்கங் கொள்வான் என அவர்கள் நம்பினர். ஜோன் ஹவிலண்ட் என்னும் சிற்பி வரைந்த படத்தின்படி, நடுவிலிருந்து ஏழு கிளைகள் விரியும் பெருஞ்சிறை ஒன்று 1829இற் பிலடெல்பியாவில் திறக்கப்பட்டது. 1842இல் அதனைப் பார்வையிட்ட நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ், உடலை வருத்தும் எவ்வதையினும் உள்ளத்தை வருத்தும் இத்தனிமை கொடியது எனக் கண்டு எழுதினார். அவ்வாண்டிலேயே இலண்டனிற் பென்ரன்வில் சிறை இம்முறையைத் தழுவித் திறக்கப்பட்டது. அங்கே தொடக்கத்தில் விதிக்கப்பட்ட பதினெட்டுத் திங்கள் தனிமை, கைதிகளின் சித்தம் கலங்கியமையாற் பின்னர்க் குறைக்கப்பட்டது. தனிமை மனிதனைத் திருத்துவதினும் சிதைப்பதே மிகுதி என்பது, அந்தமானில் அத்திவாரம் இடுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே ஐரோப்பியர்க்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் கட்டினர். திருத்துதல் என்னும் நோக்கம் வழியில் எங்கோ கழன்று வீழ, அச்சுறுத்தல் என்னும் நோக்கம் மட்டுமே கடல் கடந்து வந்து சேர்ந்தது.

கட்டட வேலை 1896இல் தொடங்கி 1906இல் நிறைவுற்றது. கட்டியோர் கைதிகளே. 690க்கு மேற்பட்ட அறைகள் அமைந்தன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 14 அடி நீளமும் 8 அடி அகலமும் உடையது. முன்னே இரும்புக் கம்பிக் கதவு; பின்சுவரில் ஏறத்தாழ 10 அடி உயரத்திற் சிறு காற்றுத்துளை. கதவின் தாழ்ப்பாள், உள்ளிருந்து கம்பிகளுக்கூடாகக் கைநீட்டினும் எட்டாதவாறு, பக்கச் சுவரில் தொலைவிற் குடைந்த பள்ளத்திற் சென்று பொருந்தும். அறைகளின் முன்னே நீண்ட விறாந்தை ஓடும்.

இங்கு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகை நோக்குமாறு ஏழு கிளைகளும் அமைக்கப்பட்டன. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நோக்குபவன் எதிர்க்கிளையின் வெறுஞ்சுவரையும் அதன் உயரத்துக் காற்றுத்துளைகளையுமே காண்பான். இன்னொரு மனித முகத்தைக் காணான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அறிஞர் பெந்தம் கற்பனை செய்த, காவலன் ஒருவன் எல்லா அறைகளின் உள்ளும் பார்க்கத்தக்க சிறையோடு இதனை ஒப்பிடுவாருளர். அவ்வொப்புமை முற்றும் பொருந்தாது. இங்கே நடுக்கோபுரத்திலிருந்த காவலன் ஏழு விறாந்தைகளையும் காண இயலுமன்றி அறைகளின் உட்புறத்தைக் காண இயலாது. கைதியைப் பார்த்துக்கொண்டிருப்பதினும், அவன் எவரையும் பாராதிருக்கச் செய்வதே இச்சிற்பத்தின் முதல் நோக்கம்.

கைதிகள் செய்த வேலைகளின் பெயர்கள் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியனவல்ல: மட்டை அடித்துத் தும்பெடுத்தல், கயிறு திரித்தல், செக்காட்டுதல். நம் கரையோரக் கிராமங்களிற் பெண்கள் கூடியிருந்து கதைபேசிச் செய்யும் தும்பு வேலை, அங்கே பேச்சின்றி, அளவுக்கணக்குடன், தவறினாற் தண்டனையுடன் செய்விக்கப்பட்டது. செக்கு இவற்றினும் கொடியது. மாடு இழுக்கவேண்டிய செக்கில் மனிதன் பூட்டப்பட்டு, நாளொன்றுக்கு 30 இறாத்தல் தேங்காய் எண்ணெய் ஆட்டல் வேண்டும்; கடுகெண்ணெயாயின் 10 இறாத்தல். அளவு குறைந்தாற் கைவிலங்கிட்டு மணிக்கணக்காய் நிற்கவைத்தல், காலிற் கட்டை விலங்கிடுதல், உணவைக் குறைத்தல், முக்காலியிற் கட்டிக் கசையடி கொடுத்தல் என்பன முறையே தொடரும். (செக்கு அந்தமானுக்கே உரியதன்று. 1908இல் வாழ்நாள் நாடுகடத்தல் விதிக்கப்பெற்று, மேன்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டமையால் அந்தமான் செல்லாது தப்பிய வ. உ. சிதம்பரம்பிள்ளையும் கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார்.)

வேலை வாங்கியோர் வெள்ளையரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. கைதிகளுள் நெடுநாள் இருந்தோரையே காவலராகவும் மேலாளராகவும் உயர்த்தி, கைதியைக் கொண்டே கைதியை அடக்கும் முறை அங்கு நிலவியது. சிறு சலுகையை இழக்க அஞ்சிய அக்காவலர், மேலதிகாரியினும் கடுமையாக நடந்தனர். அவர்களுக்கு மேலே அயர்லாந்தினரான டேவிட் பரி என்னும் சிறையதிகாரி. போட் பிளேயரின் எல்லைக்குட் கடவுளும் நுழைவதில்லை என அவர் கைதிகளுக்குச் சொல்வது வழக்கம் என்று நினைவு நூல்கள் கூறும்.

அரசியற் கைதிகள் இங்கு வந்தது 1909இன் இறுதியிலாகும். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கிற் தண்டிக்கப்பட்ட பாரீந்திரகுமார் கோஷ், உல்லாஸ்கர் தத்தர், உபேந்திரநாத் பானர்ஜி, ஹேமச்சந்திர தாஸ் முதலியோர் அவர்கள். பாரீந்திரர் அரவிந்தரின் இளையவர். தமையனார் அவ்வழக்கில் விடுதலை பெற்று 1910இற் புதுச்சேரியை அடைந்து தாமே விரும்பித் தனிமையை மேற்கொண்டார். தம்பியார்மீதோ தனிமை சுமத்தப்பட்டது. தாமே தேர்ந்த தனிமை தவமாகலாம்; பிறர் சுமத்தும் தனிமை எவ்வாறாகும் என்பதற்கு 1912ஆம் ஆண்டு சான்று பகர்கின்றது. அவ்வாண்டில் இந்துபூஷண் ராய் என்னும் இளைஞர் தம் அறையிலே தம் உடையைக் கிழித்துத் திரித்துத் தூக்கிட்டு மாண்டார். அதே ஆண்டில், வெயிலில் வேலை செய்ய மறுத்தமைக்காக விலங்கிட்டு நிற்கவைக்கப்பட்ட உல்லாஸ்கர் தத்தர் கடுங்காய்ச்சலுற்றுச் சித்தம் கலங்கினார். நகைச்சுவையும் இனிய குரலும் வாய்ந்தவர் எனத் தோழராற் போற்றப்பட்ட அவர், தீவிலிருந்த மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டுப் பின்னர்ச் சென்னை மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

இரு வாழ்நாள் தண்டனைகளாக ஐம்பது ஆண்டு விதிக்கப்பெற்ற விநாயக தாமோதர் சாவர்க்கர் 1911 யூலையில் வந்தார். அவர் தமையனார் கணேசர் அவருக்கு முன்னரே அங்கிருந்தார். ஒரே மதிலுக்குள் இருந்தும் சகோதரர் இருவரும் நெடுங்காலம் சந்திக்க இயலவில்லை. எழுதுபொருள் மறுக்கப்பட்ட சாவர்க்கர் சுவரிற் கீறியும், மனனஞ் செய்தும் மராத்திச் செய்யுள்கள் இயற்றினார். விடுதலை வேண்டி அரசினருக்கு அவர் பன்முறை விண்ணப்பித்தார் என்பதும் வரலாறே. பாரீந்திரர் முதலிய பிறரும் விண்ணப்பித்தனர். பின்னாளைய அரசியற் பூசல்களின் பொருட்டு இவ்விண்ணப்பங்களை மறைப்பாரும் உளர். அவற்றையே பெரிதுபடுத்தி ஏனையவற்றை மறைப்பாரும் உளர். அறுநூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்ட அறைகளும் எதன்பொருட்டுக் கட்டப்பட்டனவோ, அதனை இருதிறத்தாரும் கருதுவதில்லை. மனிதனைத் தனித்தனியாக்கி, ஒவ்வொருவனும் தன் விடுதலையை மட்டுமே எண்ணுமாறு செய்வதற்கே அவை கட்டப்பட்டன.

அவ்வாறிருந்தும் சுவர்கள் முழுவெற்றி பெறவில்லை. சுவரைத் தட்டியும் விலங்கை ஒலித்தும் கைதிகள் தமக்கென ஒரு மொழியை ஆக்கிக்கொண்டனர். துண்டுக் காகிதங்கள் கைமாறின. காவலராயிருந்த கைதிகளே சிற்சமயம் தூதராயினர். எழுத்தறியாச் சாதாரணக் கைதிகளுக்கு அரசியற் கைதிகள் எழுத்துக் கற்பித்தனர். நனிகோபால் முகர்ஜி என்னும் இளைஞர் உண்ணாநோன்பை மேற்கொண்டார், வேலைமறுப்புகள் தொடர்ந்தன. செய்தி இந்தியப் பத்திரிகைகளை எட்டியது. 1913இல் உள்நாட்டுத் துறை உறுப்பினர் சேர் ரெஜினோல்ட் கிரடொக் நேரில் வந்து பார்வையிட்டார். வாழ்நாள் தண்டனை பெறாத அரசியற் கைதிகள் 1914இல் இந்தியச் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர்.

ஆயின் அவ்விடத்தை விரைவிற் பஞ்சாபியர் நிரப்பினர். 1915ஆம் ஆண்டு இலாகூர் வழக்கிற் தண்டிக்கப்பட்ட கதர் இயக்கத்தார் அவர்கள். பண்டித ராம் ரக்கா என்பாரின் பூணூலைச் சிறை விதியின்படி அகற்றியபோது, அதனை மீளத் தரும்வரை உண்ணேன் என மறுத்து, அந்நோன்பினால் நலிந்து அவர் உயிர்நீத்தார். மனிதனை எண்ணாக மாற்றும் இடத்திற் பருத்தி நூலொன்று உயிரினும் பெறுமதி உடையதாயிற்று.

1919-20இல் அமர்ந்த இந்தியச் சிறைக்குழு, அந்தமானுக்குக் கைதிகளை அனுப்புதலை நிறுத்துமாறு பரிந்துரைத்தது. 1919 டிசெம்பரில் வெளிவந்த அரச பிரகடனத்தின் பயனாகப் பாரீந்திரர் முதலியோர் விடுதலையாயினர். சாவர்க்கர் சகோதரர் 1921இல் இந்தியச் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர். எனினும் 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சியிற் பிடிபட்ட மாப்பிள்ளைமார் பலர் அதன் பின்னரும் தீவுக்கு அனுப்பப்பட்டனர். 1930இற் சிட்டகொங்கில் ஆயுதசாலை தாக்கப்பட்டு வங்காளம் கொந்தளித்தபோது, மூடப்பட்டதாகக் கருதப்பட்ட வாயில் அரசியற் கைதிகளுக்கும் மீண்டும் திறந்தது. 1932இல் அவர்கள் வரத் தொடங்கினர்.

1933 மே 12ஆம் நாள் பெரும் உண்ணாநோன்பு தொடங்கியது. கேட்டவை மிகச் சிறியன: உண்ணத்தக்க உணவு, இரவில் விளக்கு, படிக்க நூல், ஒருவரோடொருவர் பேசும் உரிமை. சிறையினர் நோன்பாளரைப் பிடித்துக் கிடத்தி மூக்கின் வழியே குழாய் செலுத்திப் பாலூட்ட முயன்றனர். பால் நுரையீரலிற் புகுந்தது. பகத்சிங்கின் வழக்குத் தோழரான மகாவீர் சிங் ஆறாம் நாளிலேயே இறந்தார். மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய இருவரும் அம்மாத இறுதிக்குள் அவரைத் தொடர்ந்தனர். நாற்பத்தாறாம் நாளில், யூன் 26இல், கோரிக்கைகள் ஏற்கப்பட நோன்பு முடிவுற்றது.

அதன் பின்னர் நிகழ்ந்த மாற்றமே இச்சிறையின் வரலாற்றில் மிகப் புதுமையானது. அறைகளில் விளக்கெரிந்தது. நூல்கள் வந்தன. பொருளியல், வரலாறு, மெய்யியல் என்பவற்றில் வகுப்புகள் நடந்தன. கற்றவர் கல்லாதவர்க்குப் போதித்தனர். தனிவீரச் செயலை நம்பி வந்த இளைஞர் பலர் ஆங்கே மார்க்சீயத்தைக் கற்று, 1935இல் தமக்கென ஒரு பொதுவுடைமை அமைப்பையும் நிறுவினர். வெளியே சென்ற பின்னர் அவர்கள் வங்காளத் தொழிற்சங்கங்களிலும் உழவர் இயக்கங்களிலும் முன்னின்றனர். பேசாதிருப்பதற்கென்றே கட்டப்பட்ட விறாந்தைகள் விவாத மண்டபங்களாயின.

1937 யூலையில் இரண்டாம் பெருநோன்பு தொடங்கியது. தம்மை இந்தியாவுக்குத் திருப்பியனுப்புக என்பது இம்முறை அவர்களின் தலையாய கோரிக்கை. இந்திய மாகாணங்களில் மக்கள் தேர்ந்த அமைச்சுகள் அப்போதுதான் பதவியேற்றிருந்தன. கூட்டங்களும் கடையடைப்புகளும் நாடெங்கும் நிகழ்ந்தன. காந்தியடிகளும் தாகூரும் தந்தி மூலம் வேண்டிக்கொண்டதற்கிணங்க ஓகஸ்ட் இறுதியில் நோன்பு கைவிடப்பட்டது. 1938 சனவரியில் அரசியற் கைதிகளின் கடைசிக் குழு தீவை விட்டு நீங்கியது.

1941 யூன் 26இற் பெரும் நிலநடுக்கம் ஒன்று தீவுகளைத் தாக்கியது. சிறைக் கட்டடமும் சேதமுற்றது. 1942 மார்ச்சில் யப்பானியர் கரையிறங்கினர். மறியல்கள் ஆள்மாறின, அறைகள் ஒழிந்திருக்கவில்லை. ஒற்றர் என ஐயுறப்பட்ட உள்ளூர் மக்கள் அவற்றில் அடைத்து வதைக்கப்பட்டனர். தீவில் மருத்துவராயிருந்தவரும் பஞ்சாபிக் கவிஞருமாகிய திவான் சிங் காலேபாணி 1943 ஒக்ரோபரிற் சிறைப்பட்டு, வதையினால் 1944 சனவரி 14இல் உயிர்நீத்தார். இவ்விரு திகதிகளுக்கும் இடையே, 1943 டிசெம்பர் 30இல், சுபாஷ் சந்திர போஸ் போட் பிளேயரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். கொடி ஏறிய நாளில் அக்கவிஞர் சிறையினுள்ளே கிடந்தார். விடுதலைக் கதையில் எளிதிற் பொருந்தாமையால் நூல்கள் பல இவ்விரு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை.

1945இற் பிரித்தானியர் மீண்டபோது கைதிக் குடியேற்றமே ஒழிக்கப்பட்டது. ஏழு கிளைகளில் நான்கு காலப்போக்கில் இடிக்கப்பட்டன. சில யப்பானியர் காலத்திலும் சில விடுதலைக்குப் பின்னரும் மறைந்தன. இடமும் கல்லும் தேவைப்பட்ட காலத்தில் அவை எவர்க்கும் பெரிதாகத் தோன்றவில்லை. 1963இற் சிறை வளவிற் கோவிந்த வல்லப பந்தர் மருத்துவமனை நிறுவப்பட்டது. எஞ்சிய கிளைகளும் போய்விடுமோ என அஞ்சிய முன்னாட் கைதிகள் ஒன்றுகூடி அரசினரை வேண்டியதன் பயனாக அவை காக்கப்பட்டன. 1979 பெப்ரவரி 11இற் பிரதமர் மொரார்ஜி தேசாய் மூன்று கிளைகளையும் நடுக்கோபுரத்தையும் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். 2024இற் போட் பிளேயரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. (தஞ்சைச் சாசனம், கடாரம் கொண்ட இராசேந்திர சோழனின் வெற்றிகளைக் கூறுமிடத்து, நிக்கோபாரை மாநக்கவாரம் எனக் குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது.)

கோபுரத்தினுள்ளே கற்பலகைகளில் அரசியற் கைதிகளின் பெயர்கள் மாகாண வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வங்காளமும் பஞ்சாபும் அவற்றில் மிக்கு விளங்குகின்றன. எவர்க்கென அறைகள் முதலிற் கட்டப்பட்டனவோ, அச்சாதாரணக் கைதிகளுக்குப் பலகை இல்லை. அவர்களின் தொகையோ பெரிது: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் தீவுகளில் இருந்தனர். ஆறு திங்கள் சுவரை நோக்கியிருந்து வெளிவந்த அவர்களுள் ஒரு பகுதியினர் நிலம் பெற்றுப் பெண்கைதிகளை மணந்து அங்கேயே தங்கினர். வங்காளியும் பஞ்சாபியும் மலபாரியும் தெலுங்கரும் சாதியும் ஊரும் பாராது கலந்து மணந்த அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் 'உள்ளூர்ப் பிறந்தோர்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் இன்றும் வழங்கப்படுகின்றனர். அவர்கள் தமக்குள் இந்துஸ்தானியிற் பேசுகின்றனர். தம் முன்னோர் எக்குற்றத்துக்காகக் கடல் கடந்தனர் என அவர்கள் ஒருவரையொருவர் வினவுவது வழக்கமன்று.